‘பிள்ளை’ என்று தொடங்கிய குறிப்பு

நிறுவல் பாதியில் நின்றுவிட்டது என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் கேட்காதீர்கள். போன தடவையும் அதே இடத்தில்தானா நின்றது என்று கேளுங்கள். ஒரே இடத்தில் நின்றால் பிழை மென்பொருளில். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் மென்பொருளை விட்டுவிட்டுப் பெட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கும்.

பதுளையில் நம் கணினிக் கந்தோரில் என்னிடம் வேலை பழகியவர்களுக்கு இது தெரியும். வெள்ளைப் பலகையின் மேல் மூலையில் இதை எழுதி, ‘அழிக்கக் கூடாது’ என்று பக்கத்தில் இன்னொரு வரியும் எழுதி வைத்திருந்தேன். நான் ஓய்வு பெற்ற மறுவாரமே இரண்டையும் அழித்துவிட்டு அங்கே பிறந்தநாள் பட்டியல் எழுதினீர்கள் என்று கேள்விப்பட்டேன். பரவாயில்லை. எழுதியவனே அதை மறந்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

‘புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு நல்ல அனுபவமாக எழுதித் தாருங்கள்’ என்று கேட்டிருந்தீர்கள். நல்ல அனுபவங்கள் என்னிடம் நிறைய உண்டு. தேயிலைத் தொழிற்சாலைகளின் தரவுத்தளங்களை எத்தனையோ தடவை பாடையிலிருந்து எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன். அவற்றிலிருந்து நீங்கள் ஒன்றும் படிக்கப் போவதில்லை. சரியாக நடந்த காரியத்தில் படிக்க என்ன இருக்கிறது? இது ஓய்வு பெற்ற பிறகு, ஒரு வீட்டுக் கணினியில் நடந்தது. மேலதிகாரி கிடையாது. விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்ப யாரும் கிடையாது. அதனால்தான் அந்த விசாரணை இன்னும் முடியவில்லை.

அப்புத்தளையில் ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர் பாலர் பாடசாலை நடத்துகிறார். அவருடைய கணவர் ஒரு சிறிய சபையின் உபதேசியார். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அந்தச் சபைக்கு ஒரு கோயில் இருந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு அவர் அங்கே போவார். போதகர் வந்து பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாட்களில் பதிவேட்டை எழுதுவது இவர். கோயிலின் ஈரத்தில் பதிவேட்டு மை ஊறத் தொடங்கியதும், பெயர்களை வீட்டுக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தார்.

அதற்கு ஒரு சாதாரண அட்டவணையே போதும். ஆனால் பதுளையில் நான் நடத்திய சனிக்கிழமை வகுப்புக்கு அவர் வந்திருந்தார். ‘அட்டவணை கடைச்சாமான் எழுதுவதற்கு, மனிதர்களின் பெயரை வைக்க ஒழுங்கான தரவுத்தளம் வேண்டும்’ என்று நான் அங்கே முழங்கியிருந்தேன். என்னிடம் படித்தவர்களில் நான் சொன்னதை அப்படியே செய்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். அதற்கடுத்த வருட மழையில் மடுல்சீமைத் தோட்டத்தில் மலை இறங்கியது. தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரு லயமும் கோயிலும் அதற்குள் இருந்த பதிவேடும் மண்ணுக்கடியில் போயின. மிஞ்சியது உபதேசியாரின் கணினிக்குள் இருந்த நகல் மட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“சார், அவரோட கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுச்சின்னு டவுன் கடையில குடுத்தேன். எல்லாத்தையும் புதுசா போட்டுக் குடுத்துட்டாங்க. இப்ப அந்தப் பேர்ப் பட்டியலத் தொறக்குற சொஃப்ட்வெயார் இல்ல. கடைக்காரரு நாலு தடவ இன்ஸ்டோல் பண்ணிப் பாத்துட்டு முடியாதுன்னுட்டாரு.”

“பட்டியல் அழிஞ்சிருச்சா?”

“இல்லையாம். ‘டி’ பக்கத்துல அப்பிடியே இருக்காம்.”

“அப்ப பயமில்ல. அவசரமா டீச்சர்?”

“எனக்கு அவசரமில்ல சார். மடுல்சீமையில இருந்து ஒரு தாய் ரெண்டு தடவ வந்துட்டுப் போயிருச்சு. நாளைக்கும் வரும்.”

நாலு தடவையும் எந்த இடத்தில் நின்றது என்று நான் கேட்கவில்லை. கடைக்காரருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்ற எண்ணம் தொண்டையில் நிற்கும்போது கேள்வி வெளியே வராது.

சனிக்கிழமை காலை ரயிலில் போனேன். ஹாலிஎலவில் பிடித்த மழை அப்புத்தளை வரைக்கும் கூடவே வந்தது. டீச்சரின் வீடு பாதைக்குக் கீழே, தகரக் கூரை. மழை பெய்தால் உள்ளே பேசுகிறவர்கள் கத்த வேண்டும். முன்னறை மேசையில் கணினி. பெட்டி மேசைக்குக் கீழே தரையில். திரைக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி இருந்தது. அதன் ஒரு காது வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

“அவரோடதுதான் சார். மடுல்சீமைக்குப் போயிட்டு வந்த ஒருநாள் இப்படி வளைஞ்சு வந்துச்சு. நிமித்தித் தாரேன்னா வேணாம்னுட்டாரு. ஏன்னு கேட்டா சிரிப்பாரு.”

நான் கண்ணாடியை ஓரமாக நகர்த்திவிட்டுச் சுட்டிக்கு இடம் செய்தேன்.

அந்தத் தாய் சுவரோடு நின்றுகொண்டிருந்தார். பெயர் ஆரோக்கியம். கொழுந்து பறிக்கிறவர். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவர்களின் நான்கு வயது மகளை மண் கொண்டுபோய்விட்டது. இரண்டாம் நாள் கண்டெடுத்து அடக்கம் செய்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு இல்லை. மடுல்சீமைப் பாதையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, லொறிக்குள் பிறந்தவள். பதிவுக்காகத் தாய் மூன்று தடவை பதுளைக்கு வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரு கடதாசி குறைந்திருக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். இறந்தவர்களின் பட்டியலைப் பதிவுக் கந்தோரில் எழுதியபோது, அத்தாட்சி இல்லாததால் மற்றவர்களின் பெயர்களுக்குக் கீழே இப்படி எழுதினார்கள்: ‘பெண் பிள்ளை - ஒன்று.’

“அந்த ஒண்ணுங்கிற எடத்துல எம்புள்ள பேரு வரணுங்க ஐயா. வேற ஒண்ணும் வேணாங்க.”

பிள்ளைக்குப் பெயர் இருந்தது என்று சொல்லும் ஒரே எழுத்து, மேசைக்குக் கீழே இருந்த அந்தப் பெட்டிக்குள்.

“கதிரையில உக்காருங்கம்மா” என்றேன்.

“இருக்கட்டுங்க.”

கீழே, பெட்டிக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கந்தோர்க்காரன் முன்னால் கதிரையில் உட்காராத பழக்கம் நம் தோட்டத்து மனிதர்களுக்கு இன்னும் போகவில்லை. நானும் லயத்தில் பிறந்தவன்தான். இரண்டாம் தடவை நான் சொல்லவில்லை. அவர் கீழே இருப்பது எனக்கு வசதியாகக்கூட இருந்தது. தோளுக்குப் பின்னால் நின்று யாராவது பார்த்தால் எனக்கு வேலை ஓடாது.

இரண்டு மணி பஸ்ஸில் அவர் பதுளைக்குப் போனால்தான் மடுல்சீமைக்குக் கடைசி பஸ் பிடிக்கலாம். நான் உட்கார்ந்தபோது பத்தரை.

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியதை உங்களில் நேற்றுச் சேர்ந்தவர்கூடச் சொல்வார். எதையும் தொடுவதற்கு முன் ‘டி’ பக்கத்துக் கோப்பை நகல் எடுக்க வேண்டும். அந்தக் கோப்பு ஒரு பாட்டுக் கோப்பின் அளவுகூட இல்லை. பென் டிரைவ் என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு நிமிட வேலை. இந்த விதியை மீறியதற்காக உங்களில் இரண்டு பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தவன் நான். அன்று என் வாதம் இதுதான்: பிழை ‘சி’ பக்கத்தில், கோப்பு ‘டி’ பக்கத்தில், நான் ‘டி’யைத் தொடப்போவதேயில்லை. இரண்டு பக்கமும் ஒரே தட்டில்தான் சுழல்கின்றன என்பது எனக்குத் தெரியாததா?

முதல் நிறுவல் அறுபத்திரண்டு வீதத்தில் நின்றது. கடைக்காரர் விட்டுப்போன மிச்சங்கள் என்று முடிவு செய்து அவற்றைத் துடைத்தேன். இரண்டாவது முப்பத்தைந்தில் நின்றது. அனுமதிப் பிரச்சினை என்று சொல்லி அதையும் மாற்றினேன். ஒவ்வொரு நிற்றலுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. அதிகம் தெரிந்தவனின் சாபம் அது. ஒன்றும் தெரியாதவன் இரண்டாம் தடவையே பெட்டியைத் தட்டிப் பார்த்திருப்பான்.

மூன்றாவதைத் தொடங்கியபோது கீழேயிருந்து குரல் வந்தது.

“ஐயா, பொட்டிக்குள்ள பல்லி கத்துதுங்க.”

டீச்சர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தவர் சிரித்துவிட்டார். “ஏன் ஆரோக்கியம், ஞாயித்துக்கெழம கோயிலு, சனிக்கெழம பல்லி சாத்திரமா?”

“சாத்திரமில்லங்க டீச்சர். கத்துதுங்க.”

நானும் விடவில்லை. “எந்தத் தெசையிலம்மா? கெழக்குன்னா நல்ல பலனா, கெட்ட பலனா?”

“பலன் எனக்குத் தெரியாதுங்க ஐயா. மூணு மூணா கத்துது. நிக்குது. திரும்ப மூணு.”

“அது ஃபேன்ல தூசிம்மா.”

“தூசின்னா இப்பிடி எண்ணி எண்ணியா சத்தம் போடும்?”

“கம்ப்யூட்டர் தூசி எண்ணும்மா. படிச்ச தூசி.”

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆரோக்கியமும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு, பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சத்தம் என்ன என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். படிக்க முடியாமல் ஹார்ட் டிஸ்க்கின் கை திரும்பத் திரும்பத் தட்டுகிற சத்தம். மேலே தகரத்தில் மழை; என் இடது காதோ என்னோடு சேர்ந்தே ஓய்வு பெற்றுவிட்டது. எனக்குக் கேட்கவில்லை. கதிரையில் உட்கார மறுத்து, பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்திருந்த ஒரே ஆளுக்குக் கேட்டது. அவர் எண்ணிக்கூடச் சொன்னார். என் கந்தோரில் ஒரு பட்டதாரி அப்படி ஓர் அறிக்கை தந்திருந்தால் எழுந்து நின்று கை கொடுத்திருப்பேன். வந்த வார்த்தை பல்லி என்பதால், கேட்பதை விட்டுவிட்டுப் பகடி பண்ணினேன்.

மூன்றாவது எண்பத்தொன்றில் நின்றது. அறுபத்திரண்டு, முப்பத்தைந்து, எண்பத்தொன்று. இந்த மூன்று எண்களையும் நான் ஒரு துண்டுக் கடதாசியில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். நடைமுறை அது, எழுதினேன். பார்க்கவில்லை. வைரஸ் காவல் தடுக்கிறது என்று சொல்லி அதை நிறுத்திவிட்டு நாலாவது தடவை ஏற்றினேன்.

நாலாவது நூறைத் தொட்டது.

ஒரு மணி ஆகப் பத்து நிமிடம். ‘டி’ பக்கத்துக் கோப்பை இணைத்தேன். திறந்தது. டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்று, திரையில் கணவரின் சபைப் பெயரைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

“பேரு என்னம்மா?”

“ஆக்னஸ் மேரிங்க. வீட்டுல குட்டிம்மா.”

பெயரைத் தட்டினேன். அடியில் ‘1’ என்று விழுந்தது. ஒரு பெயரைத் தேடினேன், ஒரு வரி வந்திருக்கிறது. கேள்வி சரி, இணைப்பு சரி, எழுத்துரு சரி. நான் பார்த்தது அவ்வளவையும்தான். பிள்ளையின் பெயர், தாயின் பெயர், ஞானத்தாயின் பெயர் ஆகியவற்றின்மேல் கண் ஓடியது. திகதியின்மேலும் ஓடியிருக்கும், மனதில் நிற்கவில்லை. கடைசியாக ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அது ஒடுங்கிக் கிடந்தது. உள்ளே ஒரு வாக்கியம் இருப்பது தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்த முதல் சொல் ‘பிள்ளை’. சுட்டியால் ஓரத்தைப் பிடித்து ஒரு விரல் அகலம் இழுத்திருந்தால் மிச்சமும் தெரிந்திருக்கும்.

“இருக்கும்மா. எந்திரிச்சு வாங்க.”

ஆரோக்கியம் எழுந்து எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

“தெரியுதா?”

“தெரியுதுங்க.”

அவர் மாராப்புக்குள்ளிருந்து ஒரு போனை எடுத்தார். கண்ணாடி கீறல் விழுந்த போன்.

“ஐயா, இத ஒரு போட்டோ புடிச்சிக்கிறவா?”

இனி நான் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன்.

“போட்டோவக் கொண்டுபோனா கந்தோர்ல தூக்கி எறிஞ்சிருவாங்கம்மா. அது செல்லாது. ஒழுங்கா பிரின்ட் எடுத்து, டீச்சர் ஒப்பம் வச்சு, சபை முத்திரை குத்தித் தாரேன். பத்து நிமிசம் பொறுங்க.”

“சரிங்க ஐயா” என்று போனை உள்ளே வைத்துக்கொண்டார்.

அச்சிடுவதற்கு முன் நகல். நகலுக்கு முன் முழுச் சரிபார்ப்பு. உடைந்த தரவை நகலெடுத்தால் உடைந்த நகல்தான் கிடைக்கும் என்பதால் இந்த வரிசை. மிகச் சரியான நடைமுறை. காலையில் செய்ய வேண்டியதை மத்தியானம் செய்தேன் என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை. திரையிலிருந்த வரியை மூடிவிட்டுச் சரிபார்ப்பை ஓடவிட்டேன். கோப்பின் ஒவ்வொரு மூலையையும் அது தொட்டுப் பார்க்கத் தொடங்கியது.

அந்த நேரத்தில் மழை விட்டது.

கூரை அமைதியானதும் எனக்கும் கேட்டது. டொக், டொக், டொக். இடைவெளி. டொக், டொக், டொக். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்தது. பிறகு கறுத்தது. மீண்டும் போட்டபோது, டிஸ்க் எதையும் காணவில்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. கேபிளைக் கழற்றி மாட்டினேன். பத்துத் தடவை மாட்டியிருப்பேன். எழுந்தால் அவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் மேசைக்குக் கீழேயே இருந்தேன்.

“நின்னுபோச்சுங்களா ஐயா?” என்று ஆரோக்கியம் குனிந்து கேட்டார்.

“என்ன நின்னுபோச்சு?”

“பல்லி.”

டீச்சர் பிரின்டரில் வைத்த வெள்ளைத் தாள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. மணி ஒன்றே முக்கால். கொழும்புக்கு அனுப்பி எடுத்துவிடலாம் என்று ஏதோ சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். வீட்டுக்குள் வந்த ஒருவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதற்காக டீச்சர் பின்னால் ஓடி வழியில் சாப்பிட ஒரு பாண் துண்டைச் சுற்றிக் கொடுத்தார்.

கொழும்பில் இறந்த டிஸ்க்குகளைத் திறக்கிற ஒருவரிடம் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அவர் பேசினார்.

“இதுல திரும்பத் திரும்ப எழுதியிருக்காங்க சார். முதல் தடவையே நிப்பாட்டியிருந்தா முழுசா எடுத்திருக்கலாம். யார் இதச் செஞ்சது? தெரியாத ஆள் யாராவதா?”

“இல்ல. ரொம்ப அனுபவசாலி” என்றேன்.

பழைய வருடங்கள் முழுவதும் வந்தன. கடைசி ஐந்து வருடங்கள் வரவில்லை. ஆக்னஸ் மேரி அந்த ஐந்துக்குள் இருந்தாள்.

வந்த பக்கங்களை முதல் தடவையாக உட்கார்ந்து வாசித்தேன். குறிப்பு என்ற கட்டத்தை அகலமாக இழுத்து வைத்து வாசித்தேன். உபதேசியார் என்ன எழுதி வைத்திருந்தார் தெரியுமா? ‘பிள்ளை தண்ணீர் பட்டதும் தும்மியது.’ ‘மழை. தகப்பன் நனைந்து, வேலைத்தளத்திலிருந்து ஓடி வந்தார்.’ ‘பிள்ளை அழவில்லை, போதகர்தான் இருமினார்.’ ‘இரட்டையரில் மூத்தவள் தூங்கிவிட்டாள், இளையவள் எல்லோரையும் பார்த்தாள்.’ ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. சபை கேட்காத வரி. எந்தக் கந்தோரும் கேட்காத வரி. என் வகுப்பில், ‘குறிப்பு என்று ஒரு கட்டம் வையுங்கள், தேவையில்லாததைப் போட உதவும்’ என்று சொல்லிக் கொடுத்தவன் நான்.

டீச்சருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். நடுவில் சிரித்தார். பிறகு, “போதும் சார், மிச்சத்த நேர்ல கொண்டாங்க” என்று வைத்துவிட்டார்.

ஆரோக்கியத்தின் கடதாசிக்கு வேறு வழி தேடினோம். ஞானத்தாய் உயிரோடு இருந்தார். தோட்டத்து மிட்வைஃபின் பழைய கொப்பியில் லொறியில் பிறந்த பிள்ளை என்று ஒரு வரியும் திகதியும் இருந்தன. நான் சத்தியக் கடதாசி கொடுக்கப் போனேன். ஒப்பம் வாங்குகிற சமாதான நீதவான் எனக்குத் தெரிந்தவர்தான்.

“பதிவ நீங்களே கண்ணால பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“திகதி?”

“தெரியாது.”

“என்னங்க இது? பாத்தேங்கிறீங்க, திகதி தெரியாதுங்கிறீங்க?”

“ஒரு வரி வந்துச்சான்னு பாத்தேன். வரியில என்ன இருந்துச்சுன்னு பாக்கல” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ‘பெயரை மட்டும் கண்டேன்’ என்று எழுதச் சொன்னார். அப்படியே எழுதி ஒப்பமிட்டேன்.

பல மாதம் இழுத்தது. ஆனால் நடந்தது. அதையும் சொல்ல வேண்டும்: நான் கட்டிக் காப்பாற்ற நினைத்த முத்திரை, ஒப்பம், செல்லுபடியாகும் தாள் எல்லாவற்றையும் சில சாதாரண மனிதர்களின் வாய்ச்சொல்லும் ஒரு கிழிந்த கொப்பியும் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. அவற்றுக்கு என் தரவுத்தளம் தேவைப்படவேயில்லை. அன்று மத்தியானம் அந்தத் திரையில் இருந்த, வேறு எந்த வழியிலும் திரும்பி வர முடியாத அந்தக் குறிப்பைத்தான் நான் மூடிவிட்டேன். இந்தத் தொழிலில் அழுத்தம் வரும்போது, எது திரும்பக் கிடைக்கும் எது கிடைக்காது என்று ஒரு கணம் நின்று கேளுங்கள். நடைமுறைப் புத்தகத்தில் அதற்கு அத்தியாயம் இல்லை. அந்தப் புத்தகத்தில் பாதியை எழுதியவன் என்பதால் எனக்குத் தெரியும்.

பதுளைப் பதிவுக் கந்தோரில் ஒரே நாளில் இரண்டு சான்றிதழ்களையும் கொடுத்தார்கள். பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று. பட்டியலிலும் பெயர் ஏறியது. ஆரோக்கியம் இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் இருந்தது. நான் நின்றேன்.

“அன்னைக்கு அந்தப் போட்டோவ எடுக்க விட்டிருக்கணும்மா” என்றேன். எத்தனையோ மாதமாகச் சொல்ல நினைத்த வார்த்தை. “அதையும் அத்தாட்சியா காட்டியிருக்கலாம்.”

“கந்தோருக்கு இல்லீங்க ஐயா.”

“பின்ன?”

“எனக்கு அன்னைக்கு ஒண்ணும் தெரியலங்க. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருந்துச்சு. நீங்க தெரியுதான்னு கேட்டீங்க, தெரியுதுன்னுட்டேன். போட்டோ புடிச்சா பெருசாக்கிப் பாக்கலாம்னு நெனச்சேன். புள்ள படம் எல்லாம் பழைய போனோட மண்ணுல போயிருச்சுங்க. அவ பேரையாவது பாத்துக்கிட்டு இருக்கலாம்னுதான்.”

மடுல்சீமை பஸ் வந்து நின்றது. ஏறுகிறவர்கள் ஏறத் தொடங்கினார்கள். அவர் எழுந்து, உறையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“டீச்சரு சொன்னாங்க, உபதேசியாரு எல்லாப் புள்ளைக்கும் ஒரு வரி எழுதி வச்சிருந்தாருன்னு. எம்புள்ளைக்கும் இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சும்மா.”

“ஞானஸ்நானத்தன்னைக்கு அவரு தூக்கி வச்சிருந்தப்ப குட்டிம்மா அவரு மூக்குக் கண்ணாடியப் புடிச்சு இழுத்துட்டா. ஒரு பக்கம் வளைஞ்சே போச்சு. கோயிலே சிரிச்சுச்சு. அதத்தான் எழுதியிருப்பாரு, இல்லீங்களா?”

மேசையில் நான் ஓரமாக நகர்த்தி வைத்த கண்ணாடி நினைவுக்கு வந்தது. அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதுவாக இல்லாமல் வேறென்னவாக இருக்க முடியும்? ஆமாம்மா என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் அவர் கேட்டது நான் நினைப்பதை அல்ல. அந்த வரியைப் பார்க்கும் வாய்ப்பு உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குக் கிடைத்தது. அந்த ஆளிடம் அவர் கேட்டார்.

“‘பிள்ளை’ன்னு ஆரம்பிச்சதும்மா. அதுக்கு மேல நான் படிக்கல.”

அவர் சேலைத் தலைப்பால் உறையை மூடிக்கொண்டார்.

“சரிங்க ஐயா” என்றார். அன்று போனை உள்ளே வைத்துக்கொண்டபோது சொன்ன அதே குரலில். பிறகு பஸ்ஸில் ஏறினார்.